வால்வு ரேடியோ காலம்: இன்னும் உறுத்துகிற ஒன்று

மாட்டுங்கா மூத்தவன்
1950-களின் நடுவில் அம்மாவுக்கு மும்பை வானொலி நிலையத்தில் பதினைந்து நிமிஷம் பாடக் கிடைத்தது. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தபோது ஆடிஷன் வைத்தார்களே, அதில் தேறி வந்த வாய்ப்பு. நேரடி ஒலிபரப்பு, விட்டால் விட்டதுதான். அன்று ஞாயிறு. விடிந்ததும் செட்டைப் போட்டாயிற்று. முதலில் தம்புராவும் வயலினுமாக அந்தத் தொடக்க இசை (வால்டர் காஃப்மன் மும்பை நிலையத்தில் இருந்த காலத்தில் அமைத்தது), பிறகு பஜன், செய்தி, மராத்தியில் என்னவோ ஒரு பேச்சு. நிலையம் இடைவேளை விட்டதும் அப்பா அணைத்தார். சாயங்காலம் திரும்பப் போட்டபோதுதான் தெரிந்தது, சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்னால் ஓடியிருக்கிறது. உள்ளே இருக்கிற கண்ணாடி வால்வு சூடானால்தானே சத்தம் வரும்! நிலையம் பிடிபடுவதைக் காட்டும் பச்சைக் கண் மெதுவாக ஒளி பிடிக்கிறது, சத்தம் இல்லை. சத்தம் வந்தபோது அம்மா பல்லவியைத் தாண்டி அனுபல்லவியில் இருந்தாள்.

இரவு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என் பேரைச் சரியாச் சொன்னாளா?" என்றாள். அப்பா, "சொன்னா, சொன்னா" என்றார். நான் பக்கத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அந்த செட் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒருநாள் போட்டுப் பார்க்க வேண்டும்.

கரோல்பாக் கல்யாணி
எங்கள் அப்பா சொல்லிச் சொல்லி இது என் நினைவாகவே ஆகிவிட்டது. 1948 ஜனவரி 30, காந்தி சுடப்பட்ட நாள். தெருவில் ஒரு வீட்டில்தான் ரேடியோ. வழக்கமான நிகழ்ச்சி ஒன்றும் ஓடவில்லை. இரவு நேரு பேசினார். பாட்டிக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. "என்னடா சொல்றார், சொல்லேண்டா" என்று அப்பாவின் தோளை உலுக்கிக்கொண்டே இருந்தாராம். பத்து வயசுப் பையன், புரிந்தும் சொல்ல வரவில்லை. அந்தத் தோளைத் தடவியபடிதான் ஒவ்வொரு முறையும் சொல்வார்.

மும்பைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1936 ஜனவரி 1-இல் டெல்லி நிலையம் வந்த பிறகுதான் இந்த நாட்டில் ரேடியோ என்று ஒன்று உருவானது. ஆகாசவாணி என்ற பேரும் டெல்லி கொடுத்ததே.

மல்லேஸ்வரம் ரசிகன்
கல்யாணி அம்மா, அது சரியில்லை. சென்னையில் 1924-லேயே ரேடியோ கிளப் நடத்தி ஒலிபரப்பினார்கள். மும்பை நிலையம் 1927 ஜூலை 23-இல் தொடங்கிவிட்டது. ஆகாசவாணி என்ற பேரை 1935-லேயே மைசூரில் பேராசிரியர் கோபாலசுவாமி தன் வீட்டில் நடத்திய நிலையத்துக்கு வைத்தாயிற்று. அந்த மைசூர் நிலையம்தான் 1955 நவம்பரில் பெங்களூருக்கு வந்தது. வீட்டு அறையில் உட்கார்ந்து ஊருக்கே பாட்டுக் கேட்க வைத்த மனிதரை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

என் கதை சின்னது. பார்க்கில் எல்லோரும் கேட்க ரேடியோக் கூண்டு இருக்கும், கச்சேரி கேட்கப் புல்லில் உட்காருவோம். ஒருநாள் தனியாவர்த்தனம் உச்சத்தில் இருக்கும்போது காவலாளி மணி பார்த்துக் கதவைச் சாத்திப் பூட்டினார். என் தாத்தாவின் கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது.

டோம்பிவிலி மெக்கானிக்
மாட்டுங்கா சார், தயவுசெய்து அந்த செட்டை நேராக பிளக்கில் சொருகாதீர்கள். நான் ஒரு தடவை சொருகிப் புகையைப் பார்த்தவன். நீண்ட காலம் சும்மா கிடந்தால் கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) காய்ந்திருக்கும், பேப்பர் கண்டென்சர் கரண்டைக் கசியவிடும். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே செட்டுக்குப் போகும்படி போட்டுக் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே எடுத்துவிடுங்கள். சில பழைய செட்டில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது, சேஸிஸில் (உள்ளே பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டில்) கரண்ட் நிற்கும். குமிழ் கழன்றிருந்தால் அந்த ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. ஒயரில் ரப்பர் உதிர்ந்திருக்கும், அதை முதலில் மாற்றுங்கள். வால்வைத் துடைக்கும்போது எழுத்து அழியாமல் துடையுங்கள், அப்புறம் நம்பர் தெரியாமல் தேடி அலைய வேண்டும். அப்படியே எல்லாம் சரியானாலும் மீடியம் வேவில் இரைச்சல்தான் அதிகம் வரும், வீட்டு எல்.இ.டி. பல்புகளை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

மாட்டுங்கா மூத்தவன்
நன்றி தம்பி, ஒயரை மாற்றச் சொல்லிவிட்டேன். அந்த நாளில் மாட்டுங்காவில் வேறு யார் வீட்டிலாவது கடிகாரம் சரியாக ஓடியிருந்தால், பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு சாயங்காலம், கர்நாடக இசை, பெண் குரல். பேரை எப்படிச் சொன்னார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.