பல்கலைக்கழக இணையப் பாதுகாப்புப் பயிற்சி: உண்மையில் உதவுகிறதா, ஒப்புக்கு நடக்கிறதா?

ஆய்வகத்து_மாறன்
நேற்றுக் காலை என் பல்கலைக்கழக மின்னஞ்சல் திறக்கவில்லை. வருடாந்தர இணையப் பாதுகாப்புப் பயிற்சியை நான் முடிக்கவில்லையாம். 40 நிமிடக் காணொளி, 10 கேள்வி. ஒலியை அடைத்து ஓடவிட்டு கோப்பி குடித்துவிட்டு வந்தேன். பத்துக்குப் பத்து! பயிற்சிக்கான அழைப்பே முன்பின் தெரியாத வெளி முகவரியிலிருந்து, "உடனே இங்கே சொடுக்கவும்" என்ற இணைப்போடு வந்தது. பயிற்சியில் முதல் பாடம் என்ன தெரியுமா? தெரியாத முகவரியிலிருந்து வரும் இணைப்பைச் சொடுக்காதே.

போன மாதம் "சம்பள மாற்ற விவரம்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. சொடுக்கிவிட்டேன். அது ஐடி பிரிவே வைத்த பொறி. இப்போது என் பெயர் துறைத் தலைவர் கையில் உள்ள பட்டியலில். என்னைக் கேட்டால் இதெல்லாம் தணிக்கையில் காட்டத்தான்.

சர்வர்_சாமி
நான் வேறொரு கல்வி நிலையத்தில் ஐடி. கோபம் புரிகிறது, ஆனால் நடந்ததை மறக்காதீர்கள். 2018இல் இங்கே சிங்கப்பூரில் நான்கு பல்கலைக்கழகங்களில் குறைந்தது 52 கணக்குகள் பறிபோயின. போலி உள்நுழைவுப் பக்கம் ஒன்று. ஊழியர்கள் தாங்களே கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தார்கள். அதை வைத்துத் திருடர்கள் நூலகத் தளத்துக்குள் போய் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு என்யூஎஸ், என்டியூ பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் ஊடுருவல். அங்கே குறி அரசாங்கம், ஆராய்ச்சி தொடர்பான தகவல்கள் என்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு சொன்னது. நீங்கள் ஆய்வகத்தில் இருப்பவர். "என்னிடம் என்ன இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆய்வகத்து_மாறன்
52 பேர் ஏமாந்தார்கள் என்றால் பூட்டு சரியில்லை. பாஸ்கீ, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம் போனிலோ கணினியிலோ இருக்கும் மின்சாவி, வைத்திருந்தால் போலிப் பக்கத்தில் அது வேலையே செய்யாது, உண்மையான முகவரியில் மட்டும்தான் திறக்கும். 2021 கடைசியில் ஓசிபிசி வங்கி பெயரில் வந்த குறுந்தகவல்களால் கிட்டத்தட்ட 790 பேர் 1.37 கோடி வெள்ளி இழந்தார்கள். அப்புறம் வாடிக்கையாளர்களை உட்காரவைத்து வினாடி வினாவா நடத்தினார்கள்? குறுந்தகவலில் இணைப்பே அனுப்பக்கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டார்கள்.

ஆய்வும் இருக்கிறது. சான் டியாகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் 19,500க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 8 மாதம் பொறி மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் ஏமாந்தது மற்றவர்களைவிட வெறும் 1.7 விழுக்காடு குறைவு. சூரிக்கின் ஈடிஹெச் பல்கலைக்கழக ஆய்வில், பொறியில் சிக்கியதும் காட்டும் பாடம் சிலரை இன்னும் எளிதில் ஏமாற வைத்ததாகவே தெரிந்தது.

சர்வர்_சாமி
அந்த ஈடிஹெச் ஆய்வை முழுதாகச் சொல்லுங்கள் தம்பி. 14,000 பேர், 15 மாதம். ஊழியர்களுக்கு ஒரு "புகார்" பொத்தான் கொடுத்தபோது புது மோசடி மின்னஞ்சல்களைச் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. எதைப் புகார் செய்வது என்று மனிதருக்குத் தெரிய வேண்டாமா?

பாஸ்கீ நல்லதுதான், நானும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் பத்து வருடப் பழைய கருவியோடு ஓடும் ஆய்வகக் கணினி, மூன்று மாதம் தங்கிவிட்டுப் போகும் வருகை மாணவர்... எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது.

தேக்கா_தேவி
நான் கணக்குப் பிரிவு. எனக்கு வருகிற மோசடியில் சொடுக்க ஒன்றுமே இருக்காது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று பொருள் கொடுப்பவர் பெயரில் அழகாகக் கடிதம் வரும். பாஸ்கீ என்ன செய்யும் மாறன்? நம் கோப்பில் உள்ள பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டால்தான் தப்பிக்கலாம். இதைப் பயிற்சியில் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பக்கத்து மேசைக்காரி ஒருமுறை மயிரிழையில் தப்பியதைப் பார்த்துக் கற்றது.

யீசூன்_பையன்
மாணவர் பக்கம் யாருமே பேசவில்லை. பல்கலைக்கழக மின்னஞ்சலை நாங்கள் பார்ப்பதே வாரம் ஒரு தடவை. எங்களுக்கு வருவது டெலிகிராமில் "பகுதிநேர வேலை", இல்லாத அறைக்கு முன்பணம், அப்புறம் குடிநுழைவு அதிகாரி என்று சொல்லிப் போன். மதுரையிலிருந்து வந்த என் அறைத்தோழனுக்கு அப்படி வந்தது. மாணவர் பாஸ் (இங்கே தங்கிப் படிக்கும் அனுமதி) ரத்தாகிவிடும் என்று மிரட்டியதும் பையன் நடுங்கிவிட்டான், அப்பாவிடம் பணம் கேட்கப் போனான். நான் எதிர்க் கட்டிலில் இருந்தேன், போனைப் பிடுங்கி வைத்தேன். மோசடி உதவி எண் 1799க்கு அழைத்துக் கேட்கலாம் என்பதே அவனுக்குத் தெரியாது. எங்கள் பயிற்சியில் இதில் ஒன்றுகூட இல்லை. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, ஆச்சரியக்குறி. அவ்வளவுதான்.

சர்வர்_சாமி
பையன் சொல்வது நியாயம். அந்தக் காணொளிகள் அலுவலக ஊழியரை மனதில் வைத்து வாங்கியவை. மாணவருக்கும் அதையே ஓட்டுகிறோம்.

ஆய்வகத்து_மாறன்
சாமி அண்ணே, புகார் பொத்தான் என்றீர்களே, அங்கேதான் நானும் வருகிறேன். 2018இல் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் போனது. விசாரணைக் குழு சொன்னதைப் படித்தீர்களா? ஜூலை 4 அன்று தரவுத்தளத்தில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடித்து நிறுத்தியவர் கீழ்நிலை ஊழியர். கண் திறந்துதான் இருந்தது. மேலே சொல்ல வேண்டிய நடு அதிகாரி தயங்கினார், சொன்னால் தன் குழுவுக்கு நெருக்கடி வருமே என்று. இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போக ஜூலை 10 ஆனது.

இப்போது எங்கள் பட்டியலைப் பாருங்கள். என் பெயர் போனதைப் பார்த்த ஆய்வு மாணவி, "இனி தவறிச் சொடுக்கினால் மூச்சே விடமாட்டேன்" என்கிறாள். பயிற்சி அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

சர்வர்_சாமி
எங்கள் இடத்தில் அந்தப் பட்டியலைத் தயாரிப்பவனே நான்தான். மேலே விழுக்காடு கேட்கிறார்கள், யாரோ ஒருவர் பெயரும் வேண்டும் என்றார், சேர்த்தேன். பெயரை எடுக்கச் சொல்லிப் பேசிப் பார்க்கிறேன். பயிற்சியை நிறுத்துவதற்கு மட்டும் ஒப்ப மாட்டேன்.

ஆய்வகத்து_மாறன்
ஒரே கேள்வி. அந்தப் பொறியைச் சொடுக்கிய இரண்டாவது நிமிடமே ஐடிக்குப் போன் போட்டவன் நான். உங்கள் பட்டியலில் அது வருமா?

சர்வர்_சாமி
வராது. சொடுக்கினாரா, இல்லையா. இரண்டே கட்டம்தான்.

தேக்கா_தேவி
மூன்றாவது கட்டம் ஒன்று போட எக்செலில் எவ்வளவு நேரம் ஆகும் சாமி? வேண்டுமென்றால் நான் வந்து போட்டுத் தருகிறேன்.