யானைமலை: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மேலூர்ப்பையன்
மேலூரிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு யானைமலையை நான் காட்டத் தேவையில்லை. சமணர் ஏவிய யானை, சொக்கநாதர் எய்த நரசிங்கக் கணையில் கல்லாகி இந்த மலையான கதையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். போன சித்திரையில் மலையடிவாரத்து நரசிங்கம் கோயிலுக்குப் போயிருந்தேன். தரிசனம் முடிந்து வெளியே வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. பூ விற்ற அப்பத்தா என் கையைப் பிடித்துப் பாறையில் வைத்து, "பாருய்யா, இன்னும் சூடு இறங்கல. செத்த யானையா இது?" என்றார். பகல் வெயிலைப் பாறை சீக்கிரம் விடாது என்று தெரியும். இருந்தும் கையை எடுக்க மனசு வரவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

குயில்குடியான்
அந்தக் கதையில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதே மலையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன, தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது, சமண குருமாரான தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தவம் செய்த மலையையே அவர்கள் ஏவிய மிருகமாக்கிவிட்டது கதை. அப்புறம் அந்தக் கணை. அடிவாரத்தில் நரசிங்கருக்குப் பாறையைக் குடைந்து குடைவரைக் கோயில் எடுத்தவர் பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி, கி.பி. 770-ல். யானைக் கதையைச் சொல்லும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. கோயில் முதலில் வந்தது, கணை அதிலிருந்து பிறந்தது என்றே நினைக்கிறேன்.

நான் மறக்காதது எங்கள் கீழக்குயில்குடி சமணர் மலையில் உள்ள செட்டிப்புடவுக் குகை. ஆடு மேய்த்த பெரியவர் குகைக்குள் இருக்கும் நீண்ட காதுத் தீர்த்தங்கரரைக் காட்டி, "இவரு செட்டியாரு. காதைப் பாத்தீங்கல்ல?" என்றார். அவர் சொன்ன கதையில் யாரும் யாரையும் கொல்லவில்லை.

மேலூர்ப்பையன்
அண்ணே, அப்பத்தா சமணரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு யானை மட்டும்தான்.

ஒத்தக்கடை
எங்கள் ஊரிலும் அப்படித்தான். 2010 வாக்கில் மலையில் சிற்ப நகரம் வரப்போகிறது என்று பேச்சு வந்ததும் சுற்று வட்டாரமே எதிர்த்தது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் "யானை மேல உளி வைக்க விடமாட்டேன்" என்று கத்தினார். 'மலை' என்று அவர் சொல்லவே இல்லை. குரல் உடைந்து அழுதுவிட்டார்.

பசுமலைவாசி
அதேபோல் சமணர் ஏவிய பாம்பும் பசுவும் மலையான நாகமலையையும் எங்கள் பசுமலையையும் விட்டுவிட்டீர்களே! நந்தியிடம் தோற்ற மாயப்பசு எங்கள் மலை. சின்ன வயதில் அதன் மேல் கால் வைத்தால் பாட்டி தொட்டுக் கும்பிடச் சொல்வார்.

யானைமலைக்குப் போகிறவர்கள் விடிந்ததும் ஏறிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடும். மழை நாளில் ஏறவே வேண்டாம், வழுக்கும். தண்ணீரை ஆளுக்கு ஒரு பாட்டிலாவது கையோடு கொண்டுபோங்கள். பிரதோஷத்தன்று நரசிங்கம் கோயிலில் கூட்டம் நெரியும், குடைவரையை நின்று பார்க்க விரும்பினால் வேறு நாள் வையுங்கள். அதே மலையில் முருகனுக்கு எடுத்த லாடன் கோயில் குடைவரையையும் விட்டுவிடாதீர்கள். கற்படுக்கையில் யாராவது பெயர் கிறுக்குவதைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள்.