மறுமொழி: ஸ்டாண்ட்-அப் காமெடி: நின்றுரையா, நகையுரையா?

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். ஒருத்தர் மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கிற 'ஸ்டாண்ட்-அப் காமெடி'க்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்பதுதானே பேச்சு.

> 'நின்றுரை நகைச்சுவை' என்றே போட்டுவிடலாம். மூலத்துக்கு நெருக்கம்.

நெருக்கந்தான். ஆனால் நிற்பதா அதன் அடையாளம்? பட்டிமன்றத்தில் பேசுகிறவரும் நிற்கிறார், கட்சிக் கூட்டத்தில் பேசுகிறவரும் நிற்கிறார். தவிர, 'நின்றுரை' என்றால் நின்று நின்று, திக்கித் திக்கிப் பேசுவது மாதிரி காதில் விழுகிறது.

நான் கட்டுரை எழுதுவது 'லூயி' தொடரைப் பற்றி. எஃப்எக்ஸ் சேனலில் 2010 முதல் 2015 வரை ஐந்து சீசன் வந்தது. நியூயார்க்கில், விவாகரத்தான காமெடியன் ஒருவன் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்க்கிற கதை. எழுதி, இயக்கி, நடித்தவர் லூயி சி.கே. (2017-இல் பெண்கள் அவர்மேல் சொன்ன பாலியல் புகார்களையும், அவை உண்மையென்று அவரே ஒப்புக்கொண்டதையும் எழுதாமல் விடப்போவதில்லை.) டைட்டில் ஓடும்போது லூயி என்கிற அந்தக் காமெடியன் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து படியேறி வருவான், ஒரு துண்டு பீட்சாவைக் கடிப்பான், தரைக்குக் கீழே இருக்கிற 'காமெடி செல்லர்' என்ற காமெடி கிளப்புக்குள் இறங்குவான். அங்கே அவனும் மைக்கும் மட்டும். பேசுவதும் பெரும்பாலும் சொந்தக் கதைதான்: தொப்பை, வயசு, பிள்ளைகள்.

நம்ம பக்கத்தில் இதற்குக் கிட்ட வருவது வில்லுப்பாட்டு. கோயில் கொடைத் திருவிழாவில் சுடலைமாடன் கதைக்கு நடுவே ஊர் நடப்பை இழுத்துவிட்டுக் கேலி பண்ணுகிற புலவர்கள் உண்டு. ஆனால் அவர் உட்கார்ந்து பாடுகிறார். குடம், உடுக்கை, ஜால்ரா என்று பக்கத்தில் ஆள் இருக்கிறது. அடிக்கு அடி 'ஆமா' போட ஒருத்தர். காமெடியனுக்கு அந்த ஆமா கிடையாது, எதிரே இருக்கிற கூட்டம் சிரித்தால்தான் உண்டு. இதை யோசித்துத்தான் இங்கே தம்பி ஒருவர் 'தனிச்சிரிப்புரை' என்று போடலாம் என்றிருக்கிறார். காரணம் சரி. ஆனால் தனியாகச் சிரிக்கிறவனுக்கு எங்க ஊரில் கோட்டிக்காரன் (பைத்தியக்காரன்) என்று பேர்!

> தொல்காப்பியமே இருக்கும்போது 'நகை' எதற்குத் தயக்கம்?

எனக்கும் ஆசைதான். தொல்காப்பியம் சொல்கிற எட்டு மெய்ப்பாட்டில், அதாவது மனசின் உணர்ச்சி உடம்பில் தெரிகிற எட்டு வகையில், முதலாவது நகை, சிரிப்பு. அது பிறக்கிற இடம் நான்கு: எள்ளல் (கேலி), இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்வது). பிள்ளைகள் கேட்கிற கேள்வியில் இளமை, அப்பன் சொல்லி மாட்டிக்கொள்கிற பதிலில் பேதைமை என்று இந்தத் தொடருக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. எள்ளலைத் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய பழைய உரையாசிரியரான 'பேராசிரியர்' இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது. லூயி செய்வது இரண்டிலும் சேராது. தன்னைத் தானே எள்ளி, நம்மைச் சிரிக்க வைக்கிறான். இதற்குத் 'தன்னெள்ளல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன், வேண்டாம் என்பவர்கள் சொல்லலாம்.

ஆனால் 'நகையுரை' ஓடாது. டவுன் ரதவீதியில் போய் நகையுரையாளர் என்று சொல்லிப் பாருங்கள், உரைகல்லில் சங்கிலியை உரைத்துப் பார்க்கிற ஆசாரியைக் காட்டுவார்கள். நகைக்கும் இரண்டு பொருள், உரைக்கும் இரண்டு பொருள். இரண்டும் சேர்ந்து தப்பான பக்கமே இழுக்கின்றன.

ஆகவே என் ஓட்டு 'சிரிப்புரை', ஆளுக்குச் 'சிரிப்புரையாளர்'. 'தனி' வேண்டாம், சொற்பொழிவு என்றாலே ஒருத்தர் பேசுவதுதானே, அதற்கு யாரும் 'தனிச்சொற்பொழிவு' என்பதில்லை. கட்டுரையில் இப்படிப் போடுகிறேன். பாத்திரங்கள் பேசுகிற இடத்தில் 'ஸ்டாண்ட்-அப்' அப்படியே இருக்கட்டும், அங்கே சிரிப்புரை என்று எழுதினால் வாத்தியார் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்றும் பாக்கி. பழைய அமெரிக்கக் காமெடித் தொடர்களில் ஆளில்லாமலே பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் வருமே, லாஃப் டிராக். 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் அதற்கென்றே ஒரு பெட்டி செய்து, பட்டனை அழுத்திச் சிரிக்க வைத்தார். லூயியில் அது கிடையாது என்று ஒரு வரி எழுதவேண்டும். 'பதிவுச்சிரிப்பு' சப்பென்று இருக்கிறது. 'ஒட்டுச்சிரிப்பு' எப்படி, அண்ணாச்சி?