நாகலூர்க் குடும்பம்: பட்டா பேச்சு

சித்தி, 7:12
கண்ணு, பிளாக்செயின் என்று ஒன்று வருகிறதாமே, அதில் ஏற்றிவிட்டால் பட்டாவில் யாரும் கை வைக்க முடியாதாம். நம்ம மிளகுக் காட்டுக்கும் வந்தால் அலைச்சல் தீருமா?

நான், 7:20
கை வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும் சித்தி, அதுதான் அதன் பலம். தாத்தாவின் காப்பி எடை நோட்டு ஞாபகம் இருக்கிறதா? முன்பக்கத்து மொத்தத்தைத் தலையில் எழுதிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொடங்குவார். பழைய பக்கத்தில் 40 கிலோவை யாராவது 46 ஆக்கினால் அடுத்த பக்கத் தொகை இடிக்கும். அதையும் மாற்றினால் அதற்கடுத்தது இடிக்கும். பிளாக்செயினும் அப்படித்தான்.

பெரியப்பா, 7:24
ஒருத்தன் உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரை மாற்றிவிட்டால்?

நான், 7:26
அதற்காகத்தான் அதே நோட்டைப் பல கணினிகளில் வைக்கிறார்கள் பெரியப்பா. ஒன்றில் மாற்றினால் மற்றதோடு ஒத்துப்போகாது.

அண்ணா (சூரமங்கலம்), 7:31
2020-லேயே தமிழ்நாடு அரசு இதற்குக் கொள்கை வெளியிட்டுவிட்டது. மின் ஆளுமை முகமையின் ‘நம்பிக்கை இணையம்’ என்பதும் பிளாக்செயின் தளம்தான்.

சித்தி, 7:33
அப்போ பட்டாவையும் சீக்கிரம் ஏற்றட்டும்.

நான், 7:41
ஏற்றட்டும் சித்தி. ஆனால் அதற்குள் நாம் திருத்தியாக வேண்டும். பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட். ஹெக்டேர் கணக்கில் 48.5 ஏர் வரும் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஒரு ஏர்). பட்டாவில் 43.5 என்று இருக்கிறது. 8 இருக்க வேண்டிய இடத்தில் 3. அந்த ஒரு எண்ணில் 12 சென்ட் போய்விட்டது, பலா மரத்திலிருந்து ஓடை வரை. அந்த 3 அப்படியே ஏறினால், பிளாக்செயின் அந்த 3-ஐத்தான் கட்டிக் காக்கும்.

பெரியப்பா, 7:44
அப்புறம் திருத்தவே முடியாதா?

நான், 7:52
முடியும், புதுப் பதிவாக. யார், எந்தத் தேதியில் மாற்றினார் என்பதும் கூடவே நிற்கும். அது நமக்கு நல்லதுதான். ஆனால் அது காட்டுக்கு வந்து அளக்காது, சர்வேயர்தான் அளக்க வேண்டும். ஜார்ஜியா நாட்டில் 2016-இல் நிலப் பதிவை பிளாக்செயினோடு இணைக்கத் தொடங்கினார்கள். அதற்கு 12 வருடம் முன்பே, 2004-இல், பதிவு முகமையையே புதிதாக அமைத்து ஆவணங்களைச் சீர்செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். நம்மிடம் பத்திரமும் வில்லங்கமும் பதிவுத் துறையில், பட்டா வருவாய்த் துறையில். இரண்டு நோட்டும் ஒரே அளவைச் சொன்ன பிறகு பூட்டினால்தான் பூட்டுக்கு அர்த்தம்.

அண்ணா (சூரமங்கலம்), 7:55
சரி, மனுவை நான் எழுதுகிறேன். பட்டா நகலும் புலப்படமும் (நிலத்தின் அளவு காட்டும் படம்) எடுத்து வைத்திருக்கிறேன்.

பெரியப்பா, 7:58
மூலப் பத்திரம் என் பீரோவில் இருக்கிறது. திங்கட்கிழமை மலைக்குக் கொண்டுவருகிறேன்.

சித்தி, 8:03
ஓடைப் பக்கத்து எல்லைக் கல்லைப் புதர் மூடிவிட்டது. சர்வேயர் வருவதற்குள் இன்றைக்கே வெட்டிவிடச் சொல்கிறேன். கல் தெரிய வேண்டும் கண்ணு.