விசாவுக்கு வருமானச் சான்று: மீனவக் குடும்பத்தினர் எதைக் காட்டினீர்கள்?

வணக்கம். எனக்கு ஊர் பாம்பன் சின்னப்பாலம். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு படிக்கிறேன். பிலிப்பைன்ஸில் கடல்பாசி வளர்க்கும் பெண்களோடு வேலை செய்ய 8 வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. மே இரண்டாம் வாரம் சேர வேண்டும். 1970களிலேயே பாசி வளர்ப்பைத் தொடங்கியவர்கள் அவர்கள். விலையை எப்படிப் பேசி வாங்குகிறார்கள் என்று நேரில் பார்த்துவர ரொம்ப ஆசை.

விசாவில்தான் நிற்கிறது. பெற்றோரின் ஆறு மாத வங்கிக் கணக்கு வேண்டும் என்கிறார் ஏஜென்ட். அப்பா விசைப்படகில் போகிறவர், பங்கு கரையிலேயே ரொக்கமாக வந்துவிடும். அம்மா விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு மூழ்கிப் பாசி எடுப்பவர். அந்தக் காசு வியாபாரி கையிலிருந்து நேரே மளிகைக் கடைக்குப் போய்விடும். கணக்கில் ஆயிரத்துச் சொச்சம்தான் இருக்கிறது. இதில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு.

தாசில்தார் தந்த வருமானச் சான்றைக் காட்டினேன், போதாதாம். வங்கியில் கல்விக் கடன் கேட்டேன், இது பட்டப்படிப்பு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். தங்கச்சிமடத்து மாமா இரண்டு லட்சம் போட்டு வைக்கிறேன் என்றார். திடீரென்று வந்த பணம் என்று சந்தேகப்படுவார்களாம், எனக்கும் அதில் மனமில்லை. தங்குமிடமும் சாப்பாடும் இன்டர்ன்ஷிப் தருபவர்கள் பொறுப்பு என்ற கடிதம், பாஸ்போர்ட், கல்லூரி அனுமதி எல்லாம் கையில் இருக்கிறது.

நம் கடற்கரையிலிருந்து இப்படி வெளிநாடு போனவர்கள், வங்கிக் கணக்குக்குப் பதிலாக எந்த ஆவணத்தைக் கொடுத்து விசா வாங்கினீர்கள்?