டூஃபியின் கறுப்புக் கப்பல்: அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது?

ஜெலுத்தோங் வாசகி

போன சனிக்கிழமை நம் பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் ஒரு பழைய புத்தகக் கடையில் பிரெஞ்சு ஓவியர் ரவுல் டூஃபியின் ஓவியத் தொகுப்பு கிடைத்தது. வாங்கி வந்த நாளிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. முன்பக்கங்களில் ஒரே கொண்டாட்டம். 1906-இல் வரைந்த கொடி கட்டிய தெரு, கடற்கரைகள், அப்புறம் 1908 வாக்கில் ஓவியர் பிராக்கோடு சேர்ந்து தென்பிரான்ஸின் லெஸ்தாக் கிராமத்துக்குப் போனபோது திடீரென்று வீடும் மரமும் மூத்த ஓவியர் செசானின் பாணியில் கட்டம் கட்டமாக இறுகிப் போகின்றன, அதைத் தாண்டினால் மறுபடி நீலக்கடல், குதிரைப் பந்தயம், பாய்மரப் படகு. இப்படியே புரட்டிக்கொண்டு போனால் கடைசியில் ‘கறுப்புச் சரக்குக் கப்பல்’, 1952. சின்ன வயதிலிருந்து அவர் வரைந்துவந்த அதே கடற்கரைதான், அதே நீலம்தான். ஆனால் நடுவில் கரியைக் கொட்டியதுபோல் ஒரு பெரிய கறுப்பு, அதற்குள்தான் கப்பலே இருக்கிறது, அதுவும் வெளிறிய கீறல்களாக.

என் வீட்டுக்காரர் பார்த்ததுமே “சாகப்போறவர் வரைஞ்சது” என்றார். மறு வருடமே, 1953-இல் டூஃபி இறந்துவிட்டார் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சுற்றியுள்ள நீலம் கொஞ்சம்கூட மங்கவில்லையே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாக் மண்டின் பையன்

அக்கா, அண்ணன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். டூஃபிக்கு முப்பதுகளிலிருந்தே கடுமையான மூட்டுவாதம். கைவிரல் மடங்காத நிலையில் 1950-இல் அமெரிக்காவில் பாஸ்டன் போய், அப்போதுதான் புதிதாக வந்திருந்த கார்ட்டிசோன் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இன்னொன்று, அவர் பிறந்த, வடபிரான்ஸின் லு ஆவர் துறைமுகம் 1944 செப்டம்பரில் குண்டுவீச்சில் தரைமட்டமானது. கறுப்புக் கப்பல் படங்களை அவர் வரைய ஆரம்பித்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. பிறந்த ஊர் எரிந்துபோனது மனதில் இல்லாமலா இருக்கும்? நம் ஊரிலும் 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுனில் குண்டு போட்டதைப் பற்றி என் பாட்டி சாகும்வரை பேசினார்.

பழைய கிராணி

தம்பி, வலியும் ஊரின் அழிவும் அவர் மனதில் இருந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கறுப்பு வெயில்தான். உச்சிவெயிலை நேராகப் பார்த்தால் கண் இருண்டுபோகும் இல்லையா, அதனால் சூரியன் உச்சத்தில் கறுப்பு என்பது டூஃபியின் எண்ணம். வெளிச்சம் தாங்க முடியாத இடத்தில்தான் அவர் கறுப்பை வைத்தார்.

இதைப் புத்தகம் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், ஆனால் படித்த நிமிடமே நம்பினேன். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணியாக இருபத்தாறு வருடம் நின்றவன் நான். காலை ஒன்பது மணிக்கு வெயில் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கம் ஏறி நிற்கும், தண்ணீர் முழுக்கத் தகரம்போல் மின்னும், அந்த மின்னலுக்கு நடுவில் வரும் கப்பல் சிவப்பா பச்சையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. பெயரைக்கூடப் படிக்க முடியாது. கறுப்பு, அவ்வளவுதான். டூஃபியும் பதினான்கு வயதில் லு ஆவரில் காப்பிக்கொட்டை இறக்குமதி செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பலை வேடிக்கை பார்க்க வந்தவர் வரைந்த கப்பல் இல்லை அது.

வாசகி அம்மா, ஃபெரித்துறை இருக்கும் வெல்ட் கீ கரைப்பக்கம் ஒரு நாள் போய்ப் பாருங்கள். உச்சிவேளையில் போகாதீர்கள், நமக்கு வெயில் தலைக்கு நேரே வந்துவிடும். லு ஆவர் வெகு வடக்கே இருப்பதால் அங்கே மத்தியானத்திலும் வெயில் தெற்கே, கடல் பக்கம் சாய்ந்து நிற்கும். நமக்கு அந்தக் காட்சி காலையில்தான்.

மெழுகுக்கோடு

ஐயா சொன்னது அருமை. நான் அந்தக் கீறல்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் தெலுக் பகாங்கில் பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயமிடும் துணி) பட்டறையில் எட்டு வருடம் இருந்தேன்.

டூஃபி முதலில் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் போல் புவாரேக்கும், 1912-லிருந்து 1928 வரை பியாங்கினி ஃபெரியே என்ற பட்டுக் கம்பெனிக்கும் துணி டிசைன் போட்டவர். துணி அச்சில் வண்ணம் ஒரு வேலை, கோடு ஒரு வேலை. இரண்டும் துளி விலகினாலும் பூவின் சிவப்பு இதழைத் தாண்டி வெளியே நிற்கும். நாங்கள் அந்தத் துணியைக் கழித்துக் கட்டுவோம். அவரோ கித்தானில் அந்த விலகலையே தன் பாணியாக்கிக்கொண்டார்: நீலத்தை அகலமாகப் பூசிவிட்டு, அதன்மேல் படகின் கோடு தன் போக்கில் ஓடும். 1937-இல் மின்சாரத்தைப் பற்றி 250 பலகைகளில், 60 மீட்டர் நீளத்துக்கு வரைந்தாரே, அதிலும் இதே முறைதான்.

கறுப்புக் கப்பலில் இது தலைகீழாகிறது. கோடு வண்ணத்துக்கு மேலே இல்லை, கறுப்பைச் சுரண்டி எடுத்த இடம்தான் கோடு. பாத்தேக்கில் சாந்திங் என்ற மெழுகுப் பேனாவால் கோடு இழுத்துச் சாயத்தில் முக்கி, வெந்நீரில் அலசினால் மெழுகு இருந்த இடம் வெள்ளையாக எழுந்து வரும். முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த வெந்நீர் வாசனையே வந்துவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாற்பதுகளில் அவர் ஒரு படம் முழுக்க ஒரே வண்ணம் ஆளும்படி வரைய ஆரம்பித்தார், 1948-இல் வரைந்த ‘சிவப்பு வயலின்’ அப்படித்தான். அதே வழியில்தான் கறுப்புக்கும் வந்தார். கை ஓய்ந்தவர் என்றால் 1952-இல் வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் ஓவியப் பரிசு வாங்கியிருப்பாரா?

ஜெலுத்தோங் வாசகி

ஐயா, இன்று காலை எட்டே முக்காலுக்கே ஃபெரித்துறைக்குப் போய்விட்டோம், இவரையும் இழுத்துக்கொண்டு. நீங்கள் சொன்ன தகரம் அப்படியே. ஒரு சரக்குக் கப்பல் மெதுவாக வெளிச்சத்துக்குள் நுழைந்தது, நுழைந்ததும் அடுப்புக்கரி மாதிரி ஆகிவிட்டது. கண் கூசக் கூசப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்புக்கு உள்ளே பாரந்தூக்கியின் கம்பி மட்டும் வெள்ளை இழையாகத் தெரிந்தது, மெழுகுக்கோடு சொன்ன மாதிரியே.

இவர் ஒன்றும் பேசவில்லை. கைப்பேசியில் ஏழெட்டுப் படம் எடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் கப்பல் வெறும் சாம்பல் நிறம், பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர்கூடப் படிக்க முடிகிறது.