நால்வர் பகிர்ந்துகொள்ளும் பட்டறையில் சக்கரம் வைத்த கருவி டிராலி: எப்படிச் செய்வது, எப்படி அடுக்குவது?

காட்பாடி லேத்துக்காரர்:

வணக்கம். காட்பாடியில் 30 அடிக்கு 20 அடி அளவுள்ள தகரக் கொட்டகை ஒன்றை நாங்கள் நான்கு பேர் வாடகையைப் பிரித்துக்கொண்டு நடத்தி வருகிறோம். நான் லேத்தும் (இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வெல்டிங்கும் பார்க்கிறேன். மற்ற மூவரில் ஒருவர் இருசக்கர வாகன மெக்கானிக், ஒருவர் தச்சர், ஒருவர் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். எல்லோருடைய கருவிகளும் சுவரோரம் உள்ள ஒரே இரும்பு பீரோவில் கிடப்பதால், 12-13 ஸ்பேனர் ஒன்றுக்காகக் கொட்டகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாள் முழுவதும் நடக்கிறோம். சென்ற மாதம் நுட்பமாக அளவெடுக்கும் என் வெர்னியர் காலிப்பர் சுத்தியலுக்கு அடியில் சிக்கித் தாடை வளைந்துவிட்டது. அதை அங்கே வைத்தது யார் என்ற பேச்சு இரண்டு நாள் ஓயவில்லை.

சதுரக் குழாயில் நானே டிராலி செய்ய எண்ணியுள்ளேன். பொதுவாக ஒரு பெரிய டிராலி போதுமா, ஆளுக்கு ஒன்று வேண்டுமா? எத்தகைய சக்கரம் போடலாம்? தரை மேடுபள்ளமான சிமெண்ட் தரை. மழைநீர் வடிவதற்காக வாசல் பக்கம் சரிவும் உண்டு.

ராணிப்பேட்டை ஃபிட்டர் (ஓய்வு):

தம்பி, முதலில் சக்கரத்தைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிறகு பார்க்கலாம். டிராலியின் எடை 40 கிலோ, கருவிகளின் எடை 110 கிலோ என்று வைத்தால் மொத்தம் 150 கிலோ ஆகிறது. இதை நான்கால் வகுத்துச் சக்கரம் வாங்குபவர்களே அதிகம். ஆனால் மேடுபள்ளமான தரையில் எந்த நேரத்திலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கக்கூடும் என்பதால் மூன்றால்தான் வகுக்க வேண்டும். அப்போது ஒரு சக்கரத்துக்கு 50 கிலோ வரும். 75 கிலோ தாங்கும் சக்கரமாக வாங்கினால் கவலை இல்லை. விட்டம் 5 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். சிறிய சக்கரம் தரை வெடிப்பில் இறங்கி நின்றுவிடும். மேலே இருப்பவை மட்டும் முன்னே சரியும்.

லேத் இருக்கும் இடத்தில் மென்மையான ரப்பர் சக்கரம் ஆகாது. இரும்புச் சீவல் அதில் குத்திக்கொண்டு, உருளும் இடமெல்லாம் தரையைக் கீறும். நைலான் சக்கரம் சத்தம் போடும், ஆனால் சீவல் அவ்வளவு ஏறாது. கைப்பிடிப் பக்கம் எத்திசையிலும் திரும்பும் சுழல் சக்கரங்கள் இரண்டும், எதிர்ப்பக்கம் திரும்பாத நிலைச் சக்கரங்கள் இரண்டும் போட்டால் நேராகத் தள்ள வரும். சுழல் சக்கரங்கள் இரண்டிலும் பிரேக் இருக்கட்டும். உங்கள் வாசலில் சரிவு இருப்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கனமானவை கீழே, இலேசானவை மேலே இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இழுப்பறை திறக்கும்போது எடை முன்னே நகர்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கருவி நிறைந்த இழுப்பறைகள் மூன்றை ஒரே நேரத்தில் வெளியே இழுத்ததால் டிராலி ஆளின் மேலேயே கவிழ்ந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு முறைக்கு ஒரு இழுப்பறைதான் என்பதை நால்வரும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்.

ஆற்காடு தச்சர்:

ஐயா சக்கரத்தைப் பற்றிச் சொன்னது அனைத்தும் சரி. ஆனால் நால்வருக்கும் பொதுவாக ஒரே பெரிய டிராலி என்பதை நான் ஏற்க மாட்டேன். மெக்கானிக்கின் கிரீஸ் படிந்த ஸ்பேனரும் என் உளியும் ஒரே இழுப்பறையில் இருந்தால், அந்த எண்ணெய் என் கைவழியாக மரத்தில் ஏறும். எண்ணெய் ஏறிய இடத்தில் பாலிஷ் பிடிக்காது. உளியின் வாயும் இழைப்புளியின் அலகும் இரும்பில் ஒருமுறை இடித்தால் அன்றைய பாதி நாள் சாணைக்கே போய்விடும். தச்சருக்கு கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), உளி, இழைப்புளி ஆகியவை அடங்கும் சிறிய மரப்பெட்டி தனியாக இருக்கட்டும். உளி ஒவ்வொன்றுக்கும் மரத்தில் பள்ளம் வெட்டிப் பொருத்தினால் போதும்.

ஆள்வாரியாகப் பிரிப்பதைவிட வேலைவாரியாகப் பிரிப்பது நல்லது என்பது என் கருத்து. எல்லோரும் தொடும் ஸ்பேனர், ரெஞ்சு, திருப்புளி, கட்டிங் பிளேயர் ஆகியவை பொது டிராலிக்குப் போகட்டும். ஒருவர் மட்டுமே பயன்படுத்துபவை அவரவர் மேசையோடு நிற்கட்டும்.

குடியாத்தம் காயில் கட்டுபவர்:

காயில் கட்டும் நண்பருக்காக ஒன்று சொல்கிறேன். லேத் சீவலின் ஒரு துணுக்கு செப்புக் கம்பியின் மின்காப்புப் பூச்சான எனாமலைக் கீறினால் போதும், கட்டி முடித்து வார்னிஷ் போட்ட பிறகு மோட்டார் எரியும். அவருடைய கருவிகள் மூடியுள்ள பெட்டியில், லேத்திலிருந்து விலகியே இருக்க வேண்டும்.

பொது டிராலிக்கு டோக்கன் வையுங்கள். பித்தளை வில்லைகளில் 1 முதல் 4 வரை எண் அடித்து, எடுத்த கருவியின் இடத்தில் எடுத்தவருடைய வில்லையை மாட்ட வேண்டும். தட்டில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயிண்டால் வரைந்துவிட்டால், மாலையில் பூட்டுவதற்கு முன் வெறுமையாக இருக்கும் இடம் எது, அங்கே தொங்கும் எண் யாருடையது என்பது ஒரே பார்வையில் தெரியும். எங்கள் பட்டறையில் இதற்குப் பிறகு கருவிக்காக யாரும் யாரையும் சந்தேகித்ததில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

காட்பாடி லேத்துக்காரர்:

மூவருக்கும் நன்றி. பொது டிராலி ஒன்று, தனிப்பெட்டிகள் மூன்று என்று முடிவு செய்துள்ளேன். இன்னும் ஒரு ஐயம் உண்டு. ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் எங்கள் தகரக் கொட்டகையில் கருவிகள் துருப்பிடிக்கின்றன. வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் டிராலியிலேயே வைக்கலாமா?

ராணிப்பேட்டை ஃபிட்டர் (ஓய்வு):

வேண்டாம் தம்பி. டிராலி உருளும்போது வரும் அதிர்வு அளவுக் கருவிகளுக்கு ஆகாது. அவற்றை மூடி போட்ட மரப்பெட்டியில் வைத்துச் சுவரில் பொருத்துங்கள். மைக்ரோமீட்டரின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொடாமல் சிறிது இடைவெளி விட்டு வைக்க வேண்டும்.

இரவில் குளிர்ந்த இரும்பின் மீது காலையில் ஈரக்காற்று படும்போது அதில் நீர் அரும்புகிறது. துருவுக்கு அதுவே தொடக்கம். மாலையில் கருவிகளை உலர்ந்த துணியால் துடைத்து, மெஷின் ஆயிலை மெல்லிய படலமாகத் தடவி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகள் மூடிய பெட்டிக்குள் மட்டுமே பயன் தரும். திறந்த தட்டில் வைப்பது வீண். கிரைண்டர் சக்கரங்களும் ஈரத்தில் கெடும் என்பதால், மெல்லிய கட்டிங் சக்கரங்களை உலர்ந்த இடத்தில் படுக்கைவாக்கில் அடுக்குங்கள். காலாவதித் தேதி சக்கரத்திலேயே அச்சாகியிருக்கும். அதைத் தாண்டியவற்றைத் தச்சர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.